பயிற்சிக் கூடமா, கடையா? இளைஞர்களுக்கான அடுமனையைத் தொழில் முறையில் நடத்துவது குறித்து

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய இளைஞர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் அடுமனையில் ஏழு ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். 18 முதல் 23 வயது வரையிலான 16 பேரை ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு பிசைவதில் தொடங்கி, பன், ரொட்டி, வர்க்கி, பிஸ்கட் என்று போட்டெடுத்து, சுற்றுப்பட்டு ஊர்களின் தேநீர்க் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் எங்கள் வண்டியிலேயே கொண்டுபோய்ப் போடுகிறோம். பிற்பகலில் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும், வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் கற்றுத் தரப்படுகின்றன. மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறோம்.

இதுவரை எங்களைத் தாங்கி வந்த நன்கொடை வரும் மார்ச் மாதத்தோடு முடிகிறது. மாத விற்பனை 3,10,000 ரூபாய். செலவு 3,94,000 ரூபாய். துண்டு விழும் 84,000 ரூபாயை நன்கொடைதான் நிரப்பி வந்தது. இப்போது அறங்காவலர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இனி இதை முழுக்க ஒரு தொழிலாகவே நடத்த வேண்டும், 16 பேரை எட்டாகக் குறைத்துவிட்டு, ஓரளவு வேலை தெரிந்த, துடிப்பான பிள்ளைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். வியாபாரக் கணக்கு உள்ளே நுழைந்தால் நோக்கம் வெளியே போய்விடும், அதைவிட மூடிவிடுவதே மேல் என்பது மறு பக்கம். இரண்டையும் கேட்டுவிட்டு இரவில் எனக்கு உறக்கம் வருவதில்லை.

எங்கள் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் எதிரே நிற்பவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஒரு பையன், முதல் இரண்டு மாதம் தட்டுத் தட்டாகக் கருக்கிவிட்டு, பத்தாம் மாதத்தில் ஓவனைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிடுகிறான். பன்னிரண்டாம் மாதம் மதுரையில் நல்ல சம்பளத்துக்கு ஒரு பேக்கரியில் சேர்கிறான். நாங்கள் எல்லாரும் மகிழ்ந்து வழியனுப்பி வைக்கிறோம். மறுநாள் காலையில் அவன் இடத்துக்கு வந்த புதுப் பிள்ளையின் கையில் ரொட்டி மறுபடியும் கருகுகிறது. வேலை கற்றுத் தேர்ந்தவர் எங்களிடம் தங்கக் கூடாது என்பதே எங்கள் நோக்கமாக இருக்கும்போது, நல்ல வேலையாளைத் தக்கவைத்துக்கொள்ளும் பக்கத்துக் கடையோடு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது? இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேரேடு எழுதியது:

வணக்கம் ஐயா. திருச்சியில் தணிக்கையாளராக இருக்கிறேன்; அறக்கட்டளைகள் சிலவற்றின் கணக்கைப் பார்த்து வருகிறேன். தங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்த 84,000 ரூபாய் எதனுடைய இழப்பு? கடையினுடையதா, பயிற்சியினுடையதா? இரண்டும் ஒரே பேரேட்டில் ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருந்தால் அறங்காவலர்கள் இரண்டாகப் பிரிவதில் வியப்பே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் தான் காண விரும்புவதை அந்த ஒற்றை எண்ணிலேயே கண்டுகொள்ள முடியும். செலவைப் பிரித்து எழுத முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

இன்று பழைய ரசீதுகளை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். மைதா, சர்க்கரை, கொழுப்பு, எரிபொருள், மின்சாரம், வாடகை, பொதி, வண்டி, மாஸ்டர், அவருக்குத் துணையாக இருவர் ஆகிய எல்லாம் சேர்த்து 2,62,000. இளைஞர்களின் உதவித்தொகை 96,000. பிற்பகல் ஆசிரியருக்கு 22,000. கற்கும்போது வீணாகும் சரக்கு ஏறத்தாழ 14,000. மொத்தம் 3,94,000.

பேரேடு எழுதியது:

நன்றி ஐயா. இப்போது பாருங்கள்: முதல் வரி மட்டும் கடையின் செலவு என்றால், கடை மாதம் 48,000 ரூபாய் மிச்சம் காட்டுகிறது. மற்ற மூன்றும் பயிற்சியின் செலவு; அது 1,32,000 ரூபாய்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் 1997இல் ஜார்ஜ் ராபர்ட்ஸ் என்ற முதலீட்டாளர் தொடங்கிய ராபர்ட்ஸ் எண்டர்பிரைஸ் டெவலப்மென்ட் ஃபண்ட் என்னும் அமைப்பு, சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வீடற்றோருக்கும் வழிதவறிய இளைஞர்களுக்கும் வேலை கொடுத்த சமூக நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தபோது, வழக்கமான ஒரு கடைக்கு ஏற்படும் செலவையும், அத்தகைய ஆட்களை வேலைக்கு வைத்திருப்பதனால் மட்டுமே ஏற்படும் கூடுதல் செலவையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று வற்புறுத்தியது. சமூக முதலீட்டின் பயனைப் பண மதிப்பில் அளக்கும் முறைக்கும் அந்த அமைப்பின் பணியே முன்னோடி. அந்த அளவீட்டில் எனக்குச் சில ஐயங்கள் உண்டு, ஆனால் செலவைப் பிரிக்கும் பழக்கத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

அறங்காவலர்களில் எவரேனும், லாபம் வந்தால் அறக்கட்டளைக்கு உரிய வரிவிலக்கு போய்விடும் என்று அஞ்சினால், அதற்கும் ஒரு சொல். மிச்சம் வருவது குற்றம் அன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(4அ) பிரிவு, நோக்கத்தை நிறைவேற்றும் வழியில் துணையாக அமையும் தொழிலை அனுமதித்தது. அதற்குத் தனிக் கணக்கேடு வேண்டும் என்றது. கவனிக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. ‘பொதுப் பயன்பாடு’ என்ற வகையில் வரும் அறக்கட்டளைகளின் வணிக வரவு, மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் அந்த வரம்பு தொடர்கிறது. தங்கள் வரவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விற்பனைதான். வறியோருக்கு உதவுதல், கல்வி ஆகிய வகைகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் கல்வி என்ற சொல்லுக்கு முறையான பள்ளி, கல்லூரிப் படிப்பு என்ற குறுகிய பொருளையே 2022இல் உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆகவே சேர்க்கப்படும் ஒவ்வோர் இளைஞரின் குடும்ப நிலையையும் காட்டும் ஆவணத்தைச் சேர்க்கையின்போதே வாங்கி வையுங்கள். துடிப்பான, வசதியான பிள்ளைகளாகப் பார்த்து எடுக்கத் தொடங்கினால், நோக்கம் மட்டுமல்ல, வறியோர் நலன் என்ற சட்டக் காப்பும் தளர்ந்துவிடும்.

இன்னொன்று: தங்கள் ஆண்டு விற்பனை 37,20,000 ரூபாய் வருகிறது. சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். விற்பனையைப் பெருக்கத் திட்டமிடும் முன்பே இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பழைய மாஸ்டர் எழுதியது:

நான் 34 ஆண்டுகள் பேக்கரி நடத்தி, மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியவன். தணிக்கையாளர் தம்பியின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

கடை 48,000 ரூபாய் மிச்சம் காட்டுகிறது என்கிறார். அந்த மிச்சம் யாருடைய உழைப்பில் வந்தது? மாஸ்டரும் இரண்டு துணையாட்களும் மட்டுமே 3,10,000 ரூபாய்ச் சரக்கைப் போட்டுவிட முடியாது. மாவு எடுப்பதும், உருட்டுவதும், தட்டில் அடுக்குவதும், பொதி கட்டுவதும் அந்த 16 பிள்ளைகள்தான். கற்கிற கை என்பதால் 16 பேரும் சேர்ந்து, என் மதிப்பில், வேலை தெரிந்த நான்கு பேருக்குச் சமம். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆளுக்கு மாதம் 16,000 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆகவே 64,000 ரூபாயைக் கடையின் செலவில் எழுதுங்கள். எழுதினால் கடை மிச்சம் காட்டாது. 16,000 ரூபாய் இழப்பு காட்டும். அதுதான் உண்மை.

அந்த 16,000 எங்கே போகிறது என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. திரும்பி வரும் சரக்கு எவ்வளவு? நூறு பன் போட்டால் எத்தனை திரும்புகிறது என்று கடைவாரியாகக் குறிப்பு வைத்திருக்கிறீர்களா? தேநீர்க் கடைகளில் எத்தனை நாள் கடன் நிற்கிறது? பன்னுக்கு எடுக்கும் மாவைத் தராசில் நிறுத்து எடுக்கிறார்களா, கைக்கணக்கில் எடுக்கிறார்களா? ஒரு பன்னில் ஐந்து கிராம் கூடினால் ஆயிரம் பன்னில் ஐந்து கிலோ மாவு போகும். பயிற்சிக் கூடங்களில் நான் கண்ட குறை, அங்கே இரக்கத்தால் யாரும் தராசைப் பார்ப்பதில்லை என்பதுதான். வாங்குகிற கடைக்காரரும் முதல் மாதம் நல்ல காரியம் என்று வாங்குவார். இரண்டாம் மாதம் பன் கல்லாக இருந்தால் வாங்க மாட்டார்.

கடைசியாக, நான்கு மணிக்கு வராத பிள்ளையை ஏழு மணிக்கு உள்ளே விடாதீர்கள். சொல்லக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே எந்த முதலாளியும் விட மாட்டார்.

பேரேடு எழுதியது:

அண்ணாச்சி, தாங்கள் சொன்னதே சரி, திருத்திக்கொள்கிறேன். இளைஞர்களின் உழைப்பைக் கடை விலை கொடுத்து வாங்குவதாக எழுதினால், கடையின் இழப்பு 16,000; பயிற்சியின் நிகரச் செலவு 1,32,000இலிருந்து 64,000 போக 68,000. இரண்டும் சேர்ந்தால் அதே 84,000. மொத்தம் மாறவில்லை என்றாலும், கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிட்டன. 16,000 ரூபாய் இழப்பைத் தராசாலும், கடன் வசூலாலும், திரும்பும் சரக்கைக் குறைப்பதாலும் தீர்க்க வேண்டும். அதற்காக நன்கொடையாளரிடம் கையேந்துவது முறையாகாது. 68,000 ரூபாயைக் கடையில் எவ்வளவு திறமையாக நடந்துகொண்டாலும் தீர்க்க இயலாது, ஏனென்றால் அது ரொட்டியின் விலை அன்று. 16 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு மாதம் 4,250 ரூபாய். ஓராண்டுக்கு 51,000 ரூபாய். ஓர் இளைஞரை ஆளாக்குவதற்கு ஆகும் தொகை அது என்று யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி தம் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களுக்கு, வேலைத்திறன் பயிற்சி ஏற்கப்பட்ட இனங்களுள் ஒன்று. ‘எங்கள் அடுமனையின் நட்டத்தை ஈடுகட்டுங்கள்’ என்று எழுதும் கடிதத்துக்கும், ‘இத்தனை இளைஞர்களுக்குத் தலைக்கு 51,000 ரூபாய்’ என்று எழுதும் கடிதத்துக்கும் வரும் மறுமொழி ஒன்றாக இராது.

நூற்பாலை மகள் எழுதியது:

இந்த இழையை நேற்றிலிருந்து படித்து வருகிறேன். பயிற்சி என்ற சொல் வரும்போதெல்லாம் என் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பதினேழு வயதில், திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் மூன்றாண்டுத் திட்டத்தில் சேர்ந்தேன். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை இங்குள்ள பலரும் அறிவீர்கள். எங்களைத் தொழிலாளர் என்று எழுதவில்லை. பயிற்சியாளர் என்று எழுதினார்கள். மூன்றாண்டு முடித்தால் திருமணச் செலவுக்கு 35,000 ரூபாய் ஒன்றாகத் தருவோம் என்று என் தாயாரிடம் சொன்னார்கள். ஆறு மாதத்தில் நான் வேலையை முழுக்கக் கற்றுவிட்டேன். அதற்குப் பிந்தைய காலமெல்லாம், தேர்ந்த வேலையைக் கற்பவரின் கூலிக்குச் செய்தேன். உடல்நலம் கெட்டு இருபத்தேழாம் மாதம் வெளியேறியபோது அந்த ஒற்றைத் தொகையில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. தொழில்முறைத் திறமை என்று பார்த்தால் அந்த ஆலையில் எந்தக் குறையும் இல்லை. தராசும், நேரமும், கணக்கும் மிகச் சரியாக இருந்தன.

ஒருங்கிணைப்பாளர் ஐயா அப்படிப்பட்டவர் அல்லர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். பத்தாம் மாதத்தில் ஓவனைத் தனியாளாகப் பார்க்கும் அந்தப் பிள்ளைக்கும் அதே 6,000 ரூபாய்தானா? பதினாறு பேர் நான்கு பேருக்குச் சமம் என்பது சராசரிக் கணக்கு. முதல் மாதப் பிள்ளை கால் ஆளுக்கும் குறைவு. பதினோராம் மாதப் பிள்ளை முழு ஆள். முழு ஆளின் வேலைக்கும் கற்பவர் தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? கடை நட்டத்தில் ஓடுவதால் நீங்கள் எடுத்துக்கொள்வதாகத் தோன்றாமல் இருக்கலாம். நாளை மாஸ்டர் ஐயா சொன்னபடி திருத்தங்கள் செய்து கடை லாபத்துக்கு வந்த பிறகு, தேர்ந்த பிள்ளையை இன்னும் மூன்று மாதம், இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவருக்கேனும் வரும். அந்த எண்ணம் வரும் முன்பே விதியாக எழுதி வைத்துவிடுங்கள்: மாதம் ஏற ஏறத் தொகை ஏற வேண்டும், எந்தப் பணத்தையும் கடைசியில் தருகிறோம் என்று நிறுத்தி வைக்கக் கூடாது, எந்த நாளில் போகிறேன் என்றாலும் அன்று வரை உழைத்ததை எண்ணிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

மாஸ்டர் ஐயாவுக்கு ஒரு சொல். ஏழு மணிக்கு வரும் பிள்ளையை உள்ளே விடாதீர்கள் என்றீர்கள். வெளியுலகம் அப்படித்தான் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை குடிகாரத் தந்தையிடமிருந்து தம்பி தங்கைகளைக் காத்துவிட்டு வந்திருக்கலாம். உள்ளே விடுங்கள், அன்றைய தொகையில் குறையுங்கள், பிற்பகலில் உட்கார வைத்துக் காரணம் கேளுங்கள். வெளியே தள்ளுவதற்கு உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா.

பழைய மாஸ்டர் எழுதியது:

மகளே, நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் பதினான்கு வயதில் ஒரு பேக்கரித் திண்ணையில் படுத்துத் தொழில் கற்றவன்தான்.

தேம்ஸ் கரை எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வாழ்கிறேன். இங்குள்ள இளைஞர் பயிற்சி உணவகம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். கடை நன்றாக ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் 2002இல் இங்கே ஃபிஃப்டீன் என்ற உணவகத்தைத் தொடங்கினார். வேலையற்ற இளைஞர்கள் பதினைந்து பேரைச் சமையற்காரர்களாக ஆக்குவது திட்டம். பெயரும் அதனால் வந்ததே. அந்த முயற்சி தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாகி நாடறிந்ததாயிற்று. 2006இல் கார்ன்வால் கடற்கரையில் ஒரு கிளை, அங்குள்ள ஓர் அறநிறுவனத்தின் பொறுப்பில் திறக்கப்பட்டது. 2019 மே மாதம் ஆலிவரின் உணவகக் குழுமம் நொடித்து, 25 கடைகளில் 22 உடனே மூடப்பட்டன. பயிற்சிக்கென்றே பிறந்த ஃபிஃப்டீனும் அவற்றுள் ஒன்று. தனி நிர்வாகத்தில் இருந்த கார்ன்வால் உணவகமும் அந்த ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. பயிற்சி கெட்டுப்போனதால் அவை மூடப்படவில்லை. நடுத்தர உணவகத் தொழிலுக்கே அப்போது இறங்குமுகமாக இருந்தது. கடையை ஒரே தூணாக வைத்து எழுப்பிய பயிற்சியும் அதனோடு சரிந்தது. தொழிலின் வழியை எடுத்துக்கொள்ளும்போது தொழிலின் ஆபத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆபத்தைச் சுமப்பவர்களில் ஏற்கெனவே எல்லா இடத்திலும் கைவிடப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வேதனை தருவது.

இங்கே 2005 முதல் சமூக நலக் கம்பெனி என்றொரு வடிவம் சட்டத்தில் இருக்கிறது. அதன் சொத்தை யாரும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. கலைத்தாலும் அதுபோன்ற வேறோர் அமைப்புக்கே போக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது பேராசையிலிருந்து காக்குமே தவிர, விற்பனை விழுவதிலிருந்து காக்காது.

நன்கொடையை மட்டும் நம்பினால் காப்பு உண்டா என்றால், அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கிரெக் பாயில் என்ற ஏசு சபைப் பாதிரியார், தெருக் கும்பல்களில் இருந்த இளைஞர்களுக்காக 1988இல் தொடங்கிய முயற்சி, 1992இல் ஓர் அடுமனையாக வளர்ந்து, இன்று ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே பயிற்சிக் காலம் 18 மாதம். சம்பளத்தோடு மனநல ஆலோசனையும், கும்பல் அடையாளமாகக் குத்திய பச்சையை அழிக்கும் மருத்துவமும் தருகிறார்கள். அடுமனையும் சிற்றுண்டிச் சாலையும் இருந்தும், அவற்றின் வருவாய் மொத்தச் செலவின் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் நன்கொடை சுருங்கி, 2010இல் பணியாளர்களில் பெரும்பாலோரை நிறுத்தவேண்டிய நிலை வந்தது, மீண்டு எழுந்தார்கள். அவர்கள் எடுப்பது சிறையிலிருந்து வருபவர்களை. வேலை தெரிந்த, துடிப்பான பிள்ளைகளாக எடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் அந்த நிறுவனம் இருக்கவேண்டிய காரணமே இல்லாமல் போயிருக்கும். எட்டுப் பேராகக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். ஏற்கெனவே தேறியவர்களாக எடுப்பதை மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள் அண்ணா.

கரிசல் எழுதியது:

கோவில்பட்டிப் பக்கம் வேளாண் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். முழுக்கத் தன் காலில் நின்ற ஒரு முயற்சியும் உண்டு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பராகுவே நாட்டில் செர்ரிட்டோ என்னும் இடத்தில் துறவு சபையினர் நடத்திய வேளாண் பள்ளி ஒன்று, பணமின்றித் தள்ளாடியபோது, 2002இல் ஃபண்டாசியோன் பராகுவாயா என்ற அமைப்பு அதை ஏற்றது. சிறுகடன் கொடுப்பதற்காக மார்ட்டின் பர்ட் என்பவர் 1985இல் தொடங்கிய அமைப்பு அது. ஐந்து ஆண்டுகளில் பள்ளி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று குறி வைத்து, 2007இல் அதை எட்டினார்கள். பாலும் பாலாடைக்கட்டியும், கோழி, ஆடு, காய்கறி, சாலையோரக் கடை, ஒரு சிறு தங்கும் விடுதி என்று பள்ளிக்குள்ளேயே பல தொழில்கள். ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள் பாதி நேரம் வகுப்பிலும் பாதி நேரம் அந்தத் தொழில்களிலும் இருக்கிறார்கள்.

நான் இதில் வியந்தது லாபத்தை அன்று. கோழிப் பண்ணை ஏன் இந்த மாதம் நட்டம் காட்டியது என்பதே அங்கே மாணவர்களுக்குப் பாடம். தங்கள் அடுமனையில் கணக்குப் பாடம் பிற்பகலில் தனியாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டர் அண்ணாச்சி கேட்ட திரும்பும் சரக்குக் குறிப்பையும், கடன் குறிப்பையும் அந்தப் பிள்ளைகளே எழுதினால் என்ன? கருப்பட்டிப் பன் எந்தக் கடையில் மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது என்று அவர்களே விசாரித்து வந்து கரும்பலகையில் கூட்டிக் கழித்தால், வகுப்பும் நடக்கும், இழப்பும் குறையும். அங்கே மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்க மூன்றாண்டுக் காலம் இருக்கிறது. உங்கள் ஓராண்டில் எல்லாரும் ஒரே நாளில் புதியவர்களாக வந்து ஒரே நாளில் போய்விடுகிறார்கள். ஒரே தொகுதியாக 16 பேரை எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நால்வரை எடுத்தால், எந்த நாளிலும் ஓவன் அருகே ஒன்பது மாதம் கற்ற நால்வர் நிற்பார்கள்.

ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்கு நிலமும் கட்டடமும் தொடக்கத்திலேயே இருந்தன. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஓர் அடுமனையை அதனோடு ஒப்பிட்டு, அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்று எந்த அறங்காவலரும் கேட்கக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். நேற்று அறங்காவலர் கூட்டம் முடிந்தது. இங்கே எழுதப்பட்டவற்றை அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தேன்.

முதலில் நூற்பாலை மகளுக்கு. அம்மா, தங்கள் கேள்விக்கு உண்மையான விடை, ஆம், பத்தாம் மாதத்துப் பிள்ளைக்கும் அதே 6,000 ரூபாய்தான் கொடுத்து வந்தோம். ஏழு ஆண்டுகளில் அது தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களை மாணவராகவே பார்த்துப் பழகிவிட்டேன். இனி முதல் நான்கு மாதம் 5,000, அடுத்த நான்கு மாதம் 6,000, கடைசி நான்கு மாதம் 8,000 என்று முன்மொழிந்தேன். தொடக்கத் தொகையைக் குறைக்கக் கூடாது என்று எங்கள் பிற்பகல் ஆசிரியை எழுந்து நின்று வாதாடினார். வீட்டுக்கு ஒன்றும் கொண்டுபோகாத பிள்ளையை இரண்டாம் மாதமே கட்டட வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். ஆகவே முதல் எட்டு மாதமும் 6,000 என்றும், கடைசி நான்கு மாதம் 8,000 என்றும் முடிவாயிற்று. எந்தத் தொகையும் நிறுத்தி வைக்கப்படாது என்பதும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் எவரையும் கற்பவராக வைத்திருக்கக் கூடாது என்பதும், விரும்பித் தங்குபவர் முழுச் சம்பளம் பெறும் பணியாளராகவே தங்க வேண்டும் என்பதும் தீர்மானத்தில் எழுதப்பட்டுவிட்டன.

இதனால் சேரும் கூடுதல் செலவு, கரிசல் ஐயா சொன்னபடி நால்வர் நால்வராகச் சேர்த்தால், மாதத்துக்குச் சராசரி 10,667 ரூபாய் வருகிறது. பேரேடு அவர்கள் கணக்கிட்ட தலைக்கு 51,000 ரூபாய் இப்போது 59,000 ஆகிவிட்டது. எண் பெரிதானதும் சிலர் முகம் சுருங்கியது. ஆனால் மூடிவிடலாம் என்று சொல்லி வந்த மூத்த அறங்காவலர்தான், இதுவரை இந்த எண்ணே நமக்குத் தெரியாமல் இருந்ததல்லவா என்று கேட்டு, மதுரையிலும் திண்டுக்கல்லிலும் உள்ள மூன்று நிறுவனங்களுக்குத் தாமே கடிதம் எழுதுவதாகப் பொறுப்பேற்றார். எட்டுப் பேராகக் குறைக்கும் பேச்சு கைவிடப்பட்டது. துடிப்பான பிள்ளைகளாக எடுக்கும் பேச்சை எவரும் மறுபடி எடுக்கவில்லை. மார்ச் மாதத்துக்குள் கடிதங்களுக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரே ஏற்பாடுதான் இருக்கிறது: ஏப்ரலில் சேர வேண்டிய நால்வரைச் சேர்க்காமல் மூன்று மாதம் தள்ளிப்போடுவது. அது நேராமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

திரும்பும் சரக்குக் குறிப்பைப் பிள்ளைகள் எழுதத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய இரண்டு தேநீர்க் கடைகளில் மட்டும் திங்கள்கிழமை வர்க்கியில் பாதிக்கு மேல் திரும்பியதை அவர்களே கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைச் சரக்கைத் திங்கள் காலையில் கொடுத்து வந்திருக்கிறோம். ஏழு ஆண்டுகளாக இது என் கண்ணில் படவில்லை.

மாஸ்டர் அண்ணாச்சி, தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தராசு வாங்கிவிட்டோம். பன்னுக்கு எத்தனை கிராம் எடுப்பது என்பதில் எங்கள் மாஸ்டருக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் வந்து பார்க்க இயலுமா?

பழைய மாஸ்டர் எழுதியது:

செவ்வாய்க்கிழமை வருகிறேன். நான்கு மணிக்கே வந்துவிடுகிறேன்; பிள்ளைகள் மாவு எடுக்கும்போது உடன் நின்றால்தான் தெரியும். உங்கள் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் மனம் வருந்தக் கூடாது.